பக்கத்து வாசல்காரனும் என் படிகமும்

பிப்ரவரி 9, 1971, செவ்வாய்

கார் கிளம்பவில்லை. லைல் தன் டிரக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் பனி. எது சாலை, எது சோளக்காடு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது.

எலக்ட்ரான்களைச் சுற்றவிட்டு வெளிச்சம் எடுக்கும் எங்கள் வளையத்தில், அந்த வெளிச்சம் வெளியே வரும் என் வாசலுக்கு வந்து, சனிக்கிழமையிலிருந்து சூடேற்றிக்கொண்டிருந்த வெற்றிடக் கலத்தின் மேல் சுற்றியிருந்த அலுமினியத் தாளைப் பிரித்தால், இடுக்கில் இரண்டு உருளைக்கிழங்கு. வெந்து, தோல் வெடித்து, ஆவி பறக்கிறது.

"லைல்!"

"அட, அது என்னோடதும்மா. விடியக்காலைல வெச்சேன். உன் கலம் நல்லா சூடா இருந்துச்சு, வீணாப் போகுதேன்னு..."

"உள்ள ஒட்டிக்கிட்டிருக்கற காத்தையெல்லாம் விரட்டத்தான் சூடேத்தறேன். உங்க சாப்பாட்டுக்கு இல்ல."

"நான் வெளிலதானே வெச்சேன்? உள்ளயா வெச்சேன்?"

ஒன்றை எனக்குக் கொடுத்தார். மனுஷன் கையோடு வெண்ணெயும் வைத்திருந்தார். இந்த வளையத்தை ஓட்டுகிறவர் அவர்தான். அவரோடு மல்லுக்கு நின்றால் வெளிச்சம் கிடைக்காது. தவிர, கிழங்கு நன்றாக இருந்தது.

பிப்ரவரி 12, வெள்ளி

பக்கத்து வாசலுக்குப் புது ஆள் வந்திருக்கிறார். ப்ரூனோ வ்ரோபெல், மில்வாக்கிக்காரர். ஆள் ஒரு அலமாரி அளவு இருக்கிறார். பின்னாலேயே வண்டியில் உருண்டு வந்தன சிலிண்டர்கள். ஒன்றல்ல, ஒரு வரிசை.

வாயுக்காரர்! குழாயில் வாயுவை அடைத்து, அதன் வழியாக வெளிச்சத்தை விட்டு, எவ்வளவை விழுங்குகிறது என்று பார்ப்பாராம்.

எத்தனையோ வாசல் இருக்க, என் பக்கத்திலா? காற்றின் கடைசித் துளியையும் வெளியே தள்ள நான் படாத பாடு படுகிறேன். இவர் சிலிண்டர் சிலிண்டராகக் கொண்டுவந்து இறக்குகிறார். இரண்டு பேரும் தொங்கிக்கொண்டிருப்பது ஒரே வளையத்தில். அங்கே கசிந்தால் இங்கே வந்து சேரும்.

போய்ச் சொன்னேன். முகத்தை நன்றாகக் கடுமையாக்கிக்கொண்டுதான் சொன்னேன்.

"பயப்படாதீங்க மிஸ் க்வாலே. நடுவுல பம்புக்கு மேல பம்பா வெச்சிருக்கேன். உங்க பக்கம் ஒரு பொட்டு வராது."

"வந்தா?"

"வந்தா, எங்கம்மா பண்ற கசகசா ரொட்டியோட வந்து உங்க கால்ல விழறேன்."

இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 16, செவ்வாய்

வளையத்தில் சுற்றும் எலக்ட்ரான்கள் போகப் போகக் குறையும். வெளிச்சமும் மங்கிக்கொண்டே வரும். அப்போது லைல் ஒலிபெருக்கியில் கேட்பார், "நிரப்பலாமா?" என்று. ஒவ்வொரு வாசலும் "சரி" சொல்லவேண்டும். ஒருவர் "வேண்டாம்" என்றாலும் அந்த ஒருவருக்காக எல்லோரும் காத்திருக்கவேண்டும். இது லைல் ஏற்படுத்திய வழக்கம். இதுவரை நான் இதை நல்ல வழக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"க்வாலே?"

"சரி."

"வ்ரோபெல்?"

"வேண்டாம்."

நாள் முழுக்க இதே கதை. பொறுக்க முடியாமல் எழுந்து அவர் வாசலுக்கே போய்விட்டேன்.

"மிஸ்டர் வ்ரோபெல், நான் இப்பத்தான் படிகத்தைப் பிளந்திருக்கேன். புதுசாப் பிளந்த பரப்பு கொஞ்ச நேரம்தான் சுத்தமா இருக்கும். எனக்கு வெளிச்சம் வேணும்."

"வெளிச்சம் மெதுவா இறங்கறப்பத்தான் என் கோடு நேரா வருது. நிரப்பினா எல்லாம் ஆடிடும். பிளக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உங்களக் கேட்டுட்டுத்தான் நான் பிளக்கணுமா?"

அவர் தன் அளவையை நிறுத்திவிட்டு மைக்கில், "லைல், நிரப்புங்க" என்றார். சண்டைக்கு என்று போனவளிடம் விட்டுக்கொடுத்தால் அவள் என்னதான் செய்வது? இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 21, ஞாயிறு

ஆக்னஸ் நெப்ராஸ்காவிலிருந்து தொலைபேசினாள். வழக்கம்போல, "அக்கா, அங்க நீ என்னதான் பண்றே?" வழக்கம்போல நானும் விளக்கினேன். வெளிச்சத்தால் படிகத்தைத் தட்டினால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் துள்ளி வெளியே வரும். என்ன வேகத்தில் வருகின்றன என்று எண்ணினால், உள்ளே எப்படிக் குடியிருந்தன என்று சொல்லிவிடலாம்.

"அதுக்கு ஒரு விளக்கு போதாதா? எதுக்கு இவ்வளவு பெரிய வளையம்?"

"விளக்கு நாலைஞ்சு நிறம்தான் தரும். வளையம் எந்த நிறம் கேட்டாலும் தரும்."

"உருளைக்கிழங்கும் வேகுது."

அவளிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ஆனால் முக்கியமானதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன். அளவைக் கருவியின் பேனா தாளில் போடும் கோட்டில், பெரிய மேடுகளுக்கு ஓரமாக ஒரு குட்டி மேடு வருகிறது. போன மாதப் படிகத்திலும் வந்தது, இந்த மாதமும் வருகிறது. படிகத்தின் உள்ளே இருப்பவையாக இருந்தால் இந்த இடத்தில் வரக்கூடாது. தோலில் மட்டும் குடியிருக்கும் எலக்ட்ரான்கள் என்று நினைக்கிறேன். கடைசி அடுக்கில், மேலே யாரும் இல்லாமல், விளிம்பில் உட்கார்ந்திருப்பவை.

நினைக்கிறேன் என்ன, எனக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் தெரியவில்லை.

மார்ச் 2, செவ்வாய்

பேராசிரியர் ப்ரென்டிஸ் இல்லினாயிலிருந்து கூப்பிட்டார். என் மேற்பார்வையாளர். படிகங்களும் அவருடையவை, என் சம்பளமும் அவர் கையில்.

"ஹெர்தா, அந்தக் குட்டி மேட்டை மறந்துடு. அது கள்ள ஒளி. நீ கேக்கற நிறத்தோட ஒட்டிக்கிட்டு, ரெண்டு மடங்கு சக்தி இருக்கற இன்னொண்ணும் திருட்டுத்தனமா உள்ள வருது. அது கிளப்பற எலக்ட்ரான் அது. எனக்கும் ஒரு தடவ இப்படி ஆச்சு. ஊரெல்லாம் சொல்லிட்டேன், அப்புறம் தலைய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல."

"கள்ள ஒளின்னா நிறத்த மாத்தறப்ப மேடு வேற மாதிரி நகரணும் சார்."

"நீ மாத்திப் பாத்த தூரம் போதாது. அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

அது உண்மைதான். அதற்கு வெளியே போனால் எனக்கு வெளிச்சம் போதவில்லை.

பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். என் வேலை ஜூனோடு முடிகிறது. இங்கே இந்த வாசலை நிரந்தரமாகப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போடப்போகிறார்கள். என் பெயரைச் சொல்ல அவருக்கு ஆசைதான். ஆனால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும். அந்த மேட்டைத் தள்ளிவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது?

ஒன்றும் இல்லை. நெப்ராஸ்காவில் ஒரு பெண்கள் கல்லூரி இருக்கிறது. இலையுதிர் காலத்தில் வந்து பாடம் நடத்தச் சொல்லி இரண்டாவது தடவையாகக் கேட்டிருக்கிறார்கள். நல்லவர்கள்தான். அங்கே வளையம் இல்லை, அவ்வளவுதான்.

மார்ச் 3, புதன்

இந்த இடத்தை விட்டுப் போக எனக்கு மனசில்லை. எழுதிப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 18, வியாழன்

வந்துவிட்டது! அவன் வாயு வந்துவிட்டது!

மத்தியானம். பிளவு அவ்வளவு அழகாக விழுந்திருந்தது, கண்ணாடி மாதிரி. குட்டி மேடு இதுவரை இல்லாத அளவுக்குத் தெளிவாக ஏறிக்கொண்டிருந்தது. அப்போது அழுத்தமானியின் முள் துள்ளியது. துள்ளியது என்றால் — எகிறிப்போய் மறுபக்கம் நின்றது. அந்தப் பக்கத்தில் ஏதோ பம்ப் பட்டென்று நின்றுபோன சத்தம். லைல் ஓடிவந்து வால்வை அடைத்தார். அதற்குள் எல்லாம் போயாச்சு. என் பரப்பு செத்துப்போச்சு.

நான் பேனாவைத் தூக்கினேன், தாளைக் கிழித்தேன், கசக்கிக் குப்பையில் போட்டேன். நேராக அவன்கிட்ட போய்க் கத்தினேன். என்ன கத்தினேன்னு ஞாபகமில்ல. உங்களுக்கெல்லாம் என்ன, ஊதிட்டுப் போயிடுவீங்க, இங்க ஒருத்தி பிழைப்பு இதுலதான் இருக்குன்னு — ஐயோ, பிழைப்புன்னு சொன்னேனா? சொன்னேன். லைல் முன்னாடியே சொன்னேன்.

அவன் முகம் வெளுத்துப்போய் நின்றான். பெரிய ஆள் அப்படி நின்றால் பார்க்கச் சகிக்கவில்லை.

மார்ச் 19, வெள்ளி

மேஜை மேல் கசகசா ரொட்டி. அரிந்து, துணியில் சுற்றி வைத்திருந்தது. மில்வாக்கிக்குப் போய், காலையில் திரும்பி வந்திருக்கிறார்.

"கால்ல விழணும்னு சொன்னேன். ஆனா விழுந்தா எழுந்திருக்க லைலோட டிரக் வேணும்."

சிரித்துவிட்டேன். நானே எதிர்பார்க்கவில்லை. ரொட்டி கொஞ்சம் இனிப்பு தூக்கல். மூன்று துண்டு சாப்பிட்டேன்.

மார்ச் 26, வெள்ளி

இதை உடனே எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் லைல், ப்ரூனோ, நான் மூவரும் ஏரிக்கரை உணவகத்துக்கு மீன் சாப்பிடப் போனோம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம். ப்ரூனோ வெள்ளிக்கிழமை மாமிசம் தொடமாட்டார். ஆனால் மீனில் அதற்கும் சேர்த்து ஈடுகட்டிவிடுவார். லைல் இரண்டாவது பீருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ப்ரூனோ கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு என் வாயு வந்தப்ப பரப்பு செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே. செத்துப்போச்சுன்னா என்ன? எல்லா மேடும் போயிடுமா?"

"எல்லாம் போகாது. பெரிய மேடெல்லாம் உள்ளேருந்து வர்றது. அது லேசா மங்கும், அவ்வளவுதான். மேல இருக்கறது மட்டும்தான் —"

கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு?" என்றார் லைல். "முள்ளு சிக்கிடுச்சா?"

மேலே இருப்பது மட்டும்தான் சாகும். கள்ள ஒளியாக இருந்தால் அழுக்குப் பட்டாலும் மேடு அப்படியே இருக்கும். வெளிச்சத்துக்கு அழுக்கு தெரியாது. தோலில் இருப்பதாக இருந்தால் அழுக்குப் பட்டதும் போய்விடும். இவ்வளவுதான் விஷயம்! போன வாரம் என் கண்ணெதிரே நடந்தது. நான் என்ன செய்தேன்? பேனாவைத் தூக்கித் தாளைக் கிழித்தேன்.

முள் ஏறினால் பேனாவைத் தூக்கு. எங்கள் கூட்டத்தில் முதல் நாளே சொல்லித் தருவது இதுதான். அழுக்குப் பரப்பை அளப்பது அசிங்கம். அதனால் யாரும் அளப்பதில்லை. நானும்தான், இத்தனை மாதமாக, என் பதில் வரும் சமயம் பார்த்துப் பார்த்துப் பேனாவைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அன்னிக்கு அந்தக் குட்டி மேடு போச்சா, இருந்துச்சா?" என்று ப்ரூனோ கேட்டார்.

"பாக்கல."

"பாக்கலையா?"

"உங்களத் திட்டறதுக்கு ஓடி வந்துட்டேன்."

லைல் பீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். நானும்தான்.

மார்ச் 29, திங்கள்

பேராசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. வேண்டுமென்றே வாயு விட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டவுடனே முடியாது என்றார்.

என்னிடம் இருக்கும் படிகத்தில் இன்னும் ஒரே ஒரு பிளவுக்குத்தான் இடம் இருக்கிறது. புதிதாக வளர்த்துத் தரச் சொன்னால் ஜூனுக்குள் வராது. "இருக்கற ஒரே பரப்ப நீயே வேணும்னு அழுக்காக்கப் போறியா? அதுல பெரிய மேடுகள எல்லா நிறத்துலயும் ஒழுங்கா அளந்து எடு. சின்னதா ஒரு கட்டுரையாவது வரும். அதுவும் இல்லாம வெறுங்கையோட நிக்காதே, ஹெர்தா."

அக்கறையோடுதான் சொல்கிறார். அதனால்தான் எதிர்த்துப் பேச வரவில்லை. ஒரு பிளவு தாக்குப்பிடிக்கும் நேரத்தில் ஏதாவது ஒன்றைத்தான் செய்ய முடியும். அவர் சொன்னதைச் செய்தால் சின்னக் கட்டுரை ஒன்று மிஞ்சும், பிறகு நெப்ராஸ்கா. நான் நினைப்பதைச் செய்து மேடு சாகாமல் நின்றுவிட்டால்? அதுவும் மிஞ்சாது.

அதாவது, எனக்குப் பிடித்ததை நானே கொன்றால்தான் அது உயிரோடு இருந்தது என்று நிரூபணம். இப்படி ஒரு தொழிலை யார் என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது?

ஏப்ரல் 2, வெள்ளி

ப்ரூனோவிடம் போய்க் கேட்டேன். "எனக்குக் கொஞ்சம் ஆக்ஸிஜன் வேணும். ரொம்பச் சுத்தமானது. ரொம்பக் கொஞ்சம்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, காலியாக இருந்த கூடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார், "எல்லாரும் கேளுங்க! பரப்புக்காரி ஒருத்தி வந்து என்கிட்ட வாயு கேக்கறா!"

"கத்தாதீங்க."

"இருக்கற வாயுலயே நல்லதா எடுத்துத் தரேன். அழுக்குன்னா அப்படியொரு சுத்தமான அழுக்கு உங்களுக்குக் கிடைக்காது."

அப்புறம் விளையாட்டை விட்டுவிட்டு, வேறு என்னென்ன வாயு கலந்து குழப்பும், எவ்வளவு மெதுவாக விடவேண்டும், வளையத்துக்குப் போகாமல் எங்கே தடுப்பது என்று படம் போட ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வாயுவைப் பற்றித் தெரிந்தது, எனக்கு வெற்றிடத்தைப் பற்றித் தெரிந்ததைவிட அதிகம். சொல்லிக்காட்டவில்லை. கர்வம் வந்துவிடும்.

ஏப்ரல் 7, புதன்

லைல் இரண்டு நாள் யோசித்தார். வேண்டுமென்றே வளையத்தின் பக்கத்தில் வாயுவை விடுவதாவது! அவருக்கு அது வீட்டுக்குள் மாட்டை விடுவது மாதிரி.

"என் வளையத்துல முள் ஏறினா நான் வால்வ அடைச்சுடுவேன். அழுதாலும் திறக்கமாட்டேன்."

"சரி லைல்."

"மத்த வாசல்காரங்களயும் கேளு. ஒருத்தர் வேண்டாம்னாலும் கிடையாது."

கேட்டேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் வேடிக்கை பார்க்க ஆசை.

ஏப்ரல் 13, செவ்வாய்

நாளைக்கு. பேராசிரியரிடம் சொல்லவில்லை. சொன்னால் கேட்கவேண்டும்.

ஏப்ரல் 14, புதன்

லைல் நிரப்பி முடித்ததும் வளையக் கூடத்துக்குள் போனோம். கத்தியைப் படிகத்தின் மேல் வைத்து, கலத்துக்கு வெளியிலிருந்து திருகை இறுக்க இறுக்க என் விரல் மரத்துப்போய்விட்டது. மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. சாளரத்தின் வழியாகப் பார்த்தேன். பாதி கிழிசல், படிக்கட்டு மாதிரி. ஐயோ என்று இருந்தது. மறுபாதி கண்ணாடி. கலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வெளிச்சம் அந்த நல்ல பாதியில் விழும்படி நிறுத்துவதற்குள் கழுத்தெல்லாம் வேர்வை.

மேடு இருந்தது. குட்டியாக, தன் இடத்தில்.

அப்போது எனக்கு மனசு மாறியது. மறைக்காமல் எழுதுகிறேன். இது போதுமே, இப்படியே அளந்துகொண்டு போகலாமே, பேராசிரியர் சொன்னபடி. கையில் இருப்பதை ஏன் தொலைக்கவேண்டும்? வெளிச்சம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ப்ரூனோ வால்வின் மேல் இரண்டு விரலை வைத்தபடி மண்டியிட்டிருந்தான். அவன் முழங்காலுக்கு அந்தத் தரை ஆகாது.

"நீ சொன்னா திறக்கறேன், ஹெர்தா" என்றான். "சொல்லலேன்னா திறக்கல. மூடிட்டு எல்லாரும் போய்ச் சாப்பிடலாம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இதுவரை அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"திற."

முள் எழுந்தது. என் வலது கை தானாகப் பேனாவைத் தூக்கப் போனது. அதை இழுத்து, மடித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். பேனா போய்க்கொண்டே இருந்தது. பெரிய மேடு ஏறி இறங்கியது. அடுத்தது ஏறி இறங்கியது. குட்டி மேட்டின் இடம் வந்தது. பாதிதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் வாயு. மறுபடி முதலிலிருந்து. பெரியது இருக்கிறது, அடுத்ததும் இருக்கிறது. குட்டி மேட்டின் இடத்தில் பேனா நேராகப் போனது. துடைத்துவிட்டது போல ஒன்றுமே இல்லை.

ஒலிபெருக்கியில் லைல்: "யாரோ என் வளையத்துல மூச்சு விடறாங்க."

"இதோ முடிஞ்சுது லைல்!" என்று கத்தினான் ப்ரூனோ. "செத்துப்போச்சு! அழகா செத்துப்போச்சு!"

நான் அழுதேன். சாவுக்கு அழுவது மாதிரி இல்லை. ஆனாலும் கொஞ்சம் அதற்காகவும்தான்.

ஏப்ரல் 15, வியாழன்

பேராசிரியரைக் கூப்பிட்டுச் சொன்னேன். கோபம் வரப்போகிறது என்று தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வர்றேன்" என்றார். "என் மேஜைல ஒரு துண்டு வெச்சிருக்கேன். யாருக்கும் தர்றதில்லன்னு வெச்சிருந்தது. என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவ பண்ணு."

ஒளித்துவைத்திருந்திருக்கிறார், கிழவர்!

ஏப்ரல் 28, புதன்

வந்தார். கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். எதையும் நம்பவில்லை. சூடேற்றியது போதுமா, வாயு சுத்தம்தானா, வெளிச்சம் அசையவில்லையா என்று ப்ரூனோவைத் துளைத்தெடுத்தார். ப்ரூனோ பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னான். வால்வைப் பேராசிரியரே திறந்தார். எனக்குத் தெரியும், அது செத்துப்போகாமல் இருக்கவேண்டும் என்று அவர் ஒரு கணம்கூட ஆசைப்படவில்லை. உண்மை எதுவோ அது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார். அதற்காகத்தான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

பேனா நேராகப் போனது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். "எனக்கு ஒரு ஆள் தேடற வேலை மிச்சம்" என்றார். அவ்வளவுதான். அதுதான் வேலை கொடுத்த விதம்.

மதியம் ஒரே ஒரு சண்டை. கட்டுரையில் ப்ரூனோவின் பெயரும் இருக்கவேண்டும் என்றேன். "பரப்புக் கட்டுரைல வாயுக்காரர் பேரா?" என்றார். அவர் கேட்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் பேனாவைத் தூக்கிக்கொண்டிருப்பேன் என்றேன். லைல் நடுவில் புகுந்து, அப்படியென்றால் உருளைக்கிழங்குக்காகத் தன் பெயரும் வரவேண்டும் என்றார். பேராசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. ப்ரூனோவின் பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டோம்.

மே 17, திங்கள்

நார்வே நாள் ஊர்வலம். ஊரே சிவப்பும் நீலமுமாக. க்வாலே என்ற நார்வேப் பெயர் இருப்பதால் என்னையும் ஒரு கொடியைப் பிடிக்க வைத்துவிட்டார்கள். போலந்து வம்சக்காரனான ப்ரூனோ ஓரமாக நின்று, "பின்னாடி போலந்துக்காரங்களும் வர்றாங்களா?" என்று எல்லோரையும் கேட்டு மானத்தை வாங்கினான்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்தபோது சொன்னான். ஹாம்பர்க்கில் இருக்கும் பெரிய வளையத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், இரண்டு வருஷத்துக்கு. அங்கே வெளிச்சத்தில் சக்தி அதிகம், இங்கே கனவு கூடக் காணமுடியாத நிறமெல்லாம் இருக்கிறது. ஜூலையில் போகவேண்டும்.

"நீயும் வா. கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போலாம்."

சந்தோஷம்தான். அதைச் சொல்லவும் சொன்னேன், எனக்கு உன்னைப் பிடிக்கும் ப்ரூனோ, ரொம்பப் பிடிக்கும் என்று. அதற்குப் பிறகு சொன்னதுதான் கஷ்டம். இந்த வாசல் எனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. இதை விட்டு வரமாட்டேன்.

"தெரியும்" என்றான். "கேக்காமப் போனா அம்மா திட்டுவாங்க, அதான் கேட்டேன்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

ஜூலை 6, செவ்வாய்

ப்ரூனோவை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். லைல் வழியெல்லாம் மழையைப் பற்றிப் பேசினார்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

நிரப்பலாமா என்றால் எல்லோரும் உடனே சரி என்கிறார்கள். வேலை மளமளவென்று நடக்கிறது. சண்டை போட ஆளில்லை.

செப்டம்பர் 9, வியாழன்

ஹாம்பர்க்கிலிருந்து எழுதியிருக்கிறான். வெளிச்சம் பிரமாதமாம். ஆனால் இயந்திரம் அணுத்துகள் ஆராய்ச்சிக்காரர்களுடையது. அவர்கள் வேலை போக மிஞ்சியதுதான் இவனுக்கு. யாரும் "நிரப்பலாமா" என்று கேட்பதில்லையாம். கேட்டாலும் "வேண்டாம்" என்று சொல்லி யாரைக் கோபப்படுத்துவது என்று எழுதியிருக்கிறான். நம் கட்டுரையைக் காட்டினானாம். வாயுக்காரர்கள் அவனைத் துரோகி என்கிறார்களாம்.

செப்டம்பர் 14, செவ்வாய்

வெற்றிடம் இதுவரை இந்த வளையத்திலேயே இல்லாத அளவுக்கு நன்றாக இருக்கிறது. பரப்பு காலையிலிருந்து சாயங்காலம் வரை சுத்தமாக நிற்கிறது. முள் அசையவே இல்லை. லைல் மற்ற வாசல்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார்.

எனக்குப் பிடிக்கவில்லை. போன வருஷம் யாராவது இப்படி ஒரு வெற்றிடம் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் என் காரையே கொடுத்திருப்பேன். இன்று அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், சாப்பாடு இறங்கவில்லை.

"ஏம்மா மூஞ்சி தொங்குது?" என்றார் லைல்.

"ஒண்ணுமில்ல. ரொம்பச் சுத்தமா இருக்கு."

அவர் தன் அறைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்து வந்து, கம்பி எட்டும் வரை இழுத்து, என் மேஜையில் வைத்தார். "செலவு வளையத்தோடது" என்றார். "ஆனா அழுதுகிட்டே பேசாதே, எனக்கு ஆகாது."

செப்டம்பர் 15, புதன்

பேசினேன். கொரகொரவென்று சத்தம், பாதி வார்த்தை கடலில் விழுந்துவிட்டது. அதனால் சுற்றி வளைக்காமல் கத்தினேன்.

"நான் அங்க வரமாட்டேன். நீ இங்க வா. கல்யாணம் பண்ணிக்கலாம்."

"என்ன?"

"வா-ன்னு சொன்னேன்!"

இணைப்பு போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். அப்புறம் அவன் குரல், பக்கத்து வாசலிலிருந்து பேசுகிற மாதிரி: "என் சிலிண்டரையெல்லாம் வெளில தூக்கிப் போட்டுட்டீங்களா, இருக்கா?"

"இருக்கு."

அக்டோபர் 8, வெள்ளி

செவ்வாய்க்கிழமை வருகிறான். லைலிடம் சொன்னேன். அவர் அழுத்தமானியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப இந்த வெற்றிடம் அவ்வளவுதான், போச்சு."

"போகட்டும்" என்றேன்.